தராசை மட்டும் பார்க்காதே, தங்கச்சி

ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவாகக் குழந்தை பிறந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "இன்னைக்கு எத்தனை கிராம்?" காலையில் மாமியார் கேட்பார். துறைமுகத்தில் ஷிப்ட் முடித்து வரும் உன் வீட்டுக்காரர் கேட்பார். சாயங்காலத்துக்குள் அந்த எண் காட்டுப்பள்ளிக் குப்பம் முழுக்கப் போய்ச் சேர்ந்திருக்கும். கேட்கட்டும், தப்பில்லை. நீ மட்டும் நர்ஸிடம் இன்னொன்றையும் சேர்த்துக் கேள்: "தலைச் சுற்றளவு எவ்வளவு சிஸ்டர்?"

காரணம் சொல்கிறேன். 34 வாரத்தில் ஒரு குழந்தையின் மூளை, 40 வாரத்தில் இருக்கவேண்டிய எடையில் சுமார் 65 சதவீதம்தான் இருக்கும். மிச்சம் மூன்றில் ஒரு பங்கு கடைசி ஆறு வாரத்தில் வளர வேண்டியது. உன் குழந்தை 30 வாரத்திலேயே வந்துவிட்டது என்றால் பாக்கி இன்னும் அதிகம். மூளையின் மடிப்புகள் விழுவது, நரம்புகள் ஒன்றோடொன்று இணைவது எல்லாம் இந்த வாரங்களில்தான். வயிற்றுக்குள் இருந்திருந்தால் நஞ்சுக்கொடி வழியாக இதற்கான புரதமும் கொழுப்பும் இரும்பும் போயிருக்கும். இப்போது அந்த வேலையை உன் பால் செய்ய வேண்டும். முதல் சில நாட்களுக்கு நரம்பு வழியே ஏறும் சத்து நீரும் துணை செய்யும். எஸ்.என்.சி.யூ என்ற பச்சிளங்குழந்தை சிறப்புப் பிரிவில் பால் கொடுப்பதும் வைத்தியம்தான். ஊசி மருந்துக்குக் கொடுக்கும் மரியாதையை அதற்கும் கொடு.

கணக்கு இப்படி. முதல் வாரத்தில் எடை குறையும். பத்து சதவீதம், மிகச் சின்னக் குழந்தைக்கு அதற்குக் கொஞ்சம் மேலேயும்கூடப் போகும். அழாதே. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பினால் சரி. அதற்குப் பிறகு ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 கிராம் ஏற வேண்டும். 1,200 கிராம் குழந்தை என்றால் நாளுக்கு 18 முதல் 24 கிராம். தலை, வாரத்துக்கு அரை முதல் ஒரு சென்டிமீட்டர். எடை ஏறி, தலை நின்றுபோனால் டாக்டரிடம் கேள். தலை மட்டும் வேகமாகப் பெருத்தாலும் கேள், அது வேறு பிரச்சினையாக இருக்கலாம். ஒரு நாள் எடையைப் பார்த்துக் குதிக்கவும் வேண்டாம், சோர்ந்துபோகவும் வேண்டாம். சிறுநீர் போன ஒரு துணியே பத்து கிராம் வித்தியாசம் காட்டும். வாரக் கணக்குதான் கணக்கு.

சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விடாதே

பிள்ளை இன்குபேட்டரில் இருக்கிறது, வாயில் குழாய் இருக்கிறது, பால் எப்படிக் கொடுப்பது என்று முதல் நாளை விட்டுவிடுகிறார்கள். அந்த முதல் நாள்தான் முக்கியம். பிரசவமாகி ஆறு மணி நேரத்துக்குள், முடிந்தால் ஒரு மணி நேரத்திலேயே, கையால் பீய்ச்சத் தொடங்கு. ஐந்து சொட்டு வந்தாலும் போதும். சிரிஞ்சில் எடுத்துக் கொடுத்தால் நர்ஸ் அதைக் குழந்தையின் கன்னத்தின் உள்பக்கம் தடவுவார், அல்லது குழாய் வழியே ஒரு மில்லி, இரண்டு மில்லி விடுவார். அந்த வயிற்றுக்கு அதுதான் விருந்து. குடலைப் பழக்குவதும் கிருமியை விரட்டுவதும் அந்த மஞ்சள் சொட்டுதான்.

ஒரு நாளைக்கு எட்டு முறை பீய்ச்ச வேண்டும். "ராத்திரி தூங்கும்மா" என்று அம்மா சொல்வார், பாசத்தில்தான் சொல்வார். ஆனால் பால் சுரக்கவைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகம். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே ஒருமுறையாவது எழுந்திரு, பகலில் தூங்கிக்கொள். பீய்ச்சும் விதம்: கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே, காம்பைச் சுற்றியிருக்கும் கறுப்பு வட்டத்தின் விளிம்பில் வை. முதலில் நெஞ்சை நோக்கி உள்ளே அழுத்து, பிறகு விரல்களைச் சேர்த்துப் பிழி. காம்பை மட்டும் இழுத்தால் வலிதான் வரும், பால் வராது. கொதிக்கவைத்த எவர்சில்வர் கிண்ணம் போதும், விலையுயர்ந்த பம்ப் கட்டாயமில்லை. முதல் மூன்று நாள் கொஞ்சமாகத்தான் வரும். இரண்டாவது வார முடிவில் நாளுக்கு அரை லிட்டரை எட்டினால் பிறகு பயமே இல்லை. எட்டாவிட்டாலும் விட்டுவிடாதே; வருகிற ஒவ்வொரு மில்லியும் கணக்கில் சேரும்.

இன்னொரு சூட்சுமம். முதலில் வரும் பால் தண்ணீராக இருக்கும், பின்னால் வருவது கொழுப்பு நிறைந்தது. எடை ஏறாத குழந்தைக்குச் சில டாக்டர்கள் பின்பாலைத் தனியாகப் பிடித்துத் தரச் சொல்வார்கள். நீயும் கேட்டுப் பார்க்கலாம். அவசரத்தில் பாதியில் நிறுத்தினால் நஷ்டம் அந்தக் கொழுப்புதான்.

பாலுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல். இங்கிலாந்தில் ஆலன் லூகாஸ் என்ற மருத்துவரின் குழு, குறைமாதத்தில் பிறந்த சுமார் 300 குழந்தைகளை ஏழரை, எட்டு வயது வரை தொடர்ந்து பார்த்து 1992-ல் முடிவை வெளியிட்டது. ஆரம்ப வாரங்களில் தாய்ப்பால் பெற்ற பிள்ளைகளின் ஐ.க்யூ, தாயின் படிப்பையும் குடும்ப நிலையையும் கழித்துக் கணக்குப் போட்ட பிறகும், சராசரியாக 8 புள்ளிகள் கூடுதலாக இருந்தது. கவனிக்க வேண்டியது, அவர்கள் அந்தப் பாலைக் குடித்தது குழாய் வழியாக. மார்பில் வாய் வைத்துக் குடிக்க முடியவில்லையே என்று ஏங்கும் உனக்காகத்தான் இதைச் சொல்கிறேன். அது ஒரு ஆய்வுதான், தாய்ப்பால் கொடுக்க முடிவெடுக்கும் வீடுகளே கொஞ்சம் வேறு மாதிரி இருக்கலாம் என்று வாதிடுபவர்களும் உண்டு. இருக்கட்டும். குடல் அழுகல் நோய் என்று ஒன்று சின்னக் குழந்தைகளைத் தாக்குமே, பவுடர் பாலைவிடத் தாய்ப்பாலில் அது குறைவு என்பதில் யாருக்கும் சண்டையில்லை. எனக்கு அந்தக் காரணம் ஒன்றே போதும்.

உனக்குப் பால் வரவில்லை என்றால்

அடுத்த வழி பவுடர் டப்பா அல்ல, தாய்ப்பால் வங்கி. மும்பை சயான் மருத்துவமனையில் 1989-லேயே டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கிவிட்டார்; ஆசியாவிலேயே முதலாவது அதுதான். நம் பக்கத்தில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் 2014-ல் வந்தது, பிறகு மற்ற அரசு மருத்துவமனைகளுக்கும் பரவியது. கொடுக்கும் தாய்க்கு ரத்தப் பரிசோதனை செய்து, பாலைப் பதமான சூட்டில் கிருமி நீக்கி, உறையவைத்துத்தான் தருவார்கள். "யார் வீட்டுப் பாலோ" என்று முகம் சுளிக்கும் பெரியவர்களிடம், அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டு அத்தை பால் கொடுத்து வளர்ந்த பிள்ளைகள் நம் தெருவிலேயே எத்தனை பேர் என்று கேள். உனக்குப் பால் பெருகிவிட்டால் நீயும் கொடு.

ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் கொடுத்தாலும் புரதமும் கால்சியமும் கொஞ்சம் பற்றாது. அதனால் பாலில் ஒரு பொடியைக் கலப்பார்கள். அது பால் பவுடர் இல்லை, தாய்ப்பாலுக்கு வலு சேர்க்கும் பொடி. "என் பால்ல சத்து இல்லியா?" என்று நொந்துகொள்ளாதே. உள்ளே நஞ்சுக்கொடி கொடுத்த வேகத்துக்கு எந்தத் தாயின் பாலும் ஈடு கொடுக்காது, அவ்வளவுதான். எத்தனை மில்லிக்கு எத்தனை பாக்கெட் என்பதை டாக்டர் எழுதிக் கொடுத்தபடியே கலக்கு. சீக்கிரம் தேறட்டும் என்று ஒன்று கூடப் போட்டால் குடல் தாங்காது.

சில வேளை டாக்டரே பவுடர் பால் எழுத நேரும். அது அவர் முடிவு, குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆனால் யாராவது இலவச டப்பா நீட்டினால் வாங்காதே. 1992-ல் வந்த சட்டப்படி குழந்தைப் பால் பவுடருக்கு விளம்பரம் செய்வதும் தாய்மார்களுக்கு இலவச மாதிரி கொடுப்பதும் குற்றம். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால், வசம்பு, உரை மருந்து, கிரைப் வாட்டர்: ஒன்றும் வேண்டாம். சேனை வைத்தே ஆக வேண்டும் என்று தாத்தா பிடிவாதம் பிடித்தால் உன் பாலில் ஒரு சொட்டை அவர் விரலால் வைக்கச் சொல், கையைக் கழுவிவிட்டு. சடங்கும் நடந்தாயிற்று, பிள்ளைக்கும் கெடுதல் இல்லை.

பாலாடை இருக்க பாட்டில் எதற்கு?

உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விடுவது என்ற மூன்றையும் ஒரே தாளத்தில் செய்ய 34 வாரம் போல ஆகும். அதுவரை குழாய். அதன் பிறகு, இல்லை கொஞ்சம் முன்னாலேயே, நம் பாட்டி வீட்டுப் பாலாடை. தென்னாட்டு வீடுகளில் காலகாலமாக இருக்கும் இந்த மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தைப் பெரிய ஆஸ்பத்திரிகளின் பச்சிளங்குழந்தை வார்டுகள் பாட்டிலுக்குப் பதிலாக எடுத்துக்கொண்டிருக்கின்றன. கழுவுவது சுலபம், கிருமி ஒளிய மூலை இல்லை, ரப்பர் காம்புக்குப் பழகி மார்பை மறுக்கும் தொல்லையும் இல்லை. பிள்ளையை நிமிர்த்திப் பிடி, கன்னத்து ஓரமாக வை, சொட்டுச் சொட்டாக விடு. விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது. படுக்கவைத்துத் தொண்டைக்குள் ஊற்றுவது மட்டும் கூடாது. நடுநடுவே பீய்ச்சி முடித்த மார்பில் வாய் வைக்கவிடு. ஒன்றும் குடிக்காவிட்டாலும் பழகும், உனக்கும் சுரக்கும்.

நெஞ்சோடு நெஞ்சு

காசு செலவில்லாத வைத்தியம் இது. 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாத ஒரு மருத்துவமனையில், எட்கர் ரே என்ற மருத்துவர் குழந்தைகளைத் தாயின் நெஞ்சில் வெற்றுடம்போடு கட்டிவிட்டார். கங்காரு முறை அங்கே பிறந்தது. பஞ்சத்துக்கு வந்த வழி என்றுதான் பலர் நினைத்தார்கள். 2021-ல் வந்த ஆய்வு அந்த நினைப்பை மாற்றியது. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் மருத்துவமனைகளும் சேர்ந்து, 1 கிலோ முதல் 1,799 கிராம் வரை எடையுள்ள 3,211 குழந்தைகளைப் பார்த்தன. உடல்நிலை சீரான பிறகே கங்காரு என்ற வழக்கத்தை விட்டு, பிறந்தவுடனே நெஞ்சில் போட்ட குழந்தைகளில் ஒரு மாதத்துக்குள் இறப்பு 25 சதவீதம் குறைந்தது. அந்தக் குழந்தைகள் நாளுக்குச் சராசரியாக 17 மணி நேரம் போல நெஞ்சிலேயே இருந்தன.

அதனால் "தினம் அரை மணி கங்காரு வச்சேன்" என்பது போதாது. உலக சுகாதார நிறுவனம் 8 முதல் 24 மணி நேரம் என்கிறது. குழந்தைக்கு டயப்பர், தொப்பி, காலுறை மட்டும். உன் இரு மார்புக்கு நடுவே தவளைபோல ஒட்டவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, கழுத்து மடங்காமல், மூக்கு தெரிய, மேலே துணியால் கட்டு. சாய்ந்து உட்கார், பேசு, பாடு, மெதுவாக நட. சூட்டைக் காப்பாற்ற செலவாகும் சத்து மிச்சமாகி வளர்ச்சிக்குப் போகிறது. உன் இதயத்துடிப்பு கேட்டு ஆழ்ந்து தூங்குகிறது. மூளை வளர்வது தூக்கத்தில். ஊசி போடும்போது நெஞ்சில் இருந்தால் வலியும் குறைவு.

நீ குளிக்க, சாப்பிட, தூங்கப் போகும்போது? உன் வீட்டுக்காரர் நெஞ்சும் சூடுதான். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர் நேராக வார்டுக்குப் போக வேண்டாம். குளித்து, யூனிபாரத்தை மாற்றிவிட்டுப் போகட்டும். புகை பிடித்திருந்தால் அன்றைக்குப் பிள்ளையைத் தொடாமல் இருக்கட்டும். மாமியாரும் வைக்கலாம். மறுத்த மாமியார்கூட ஒருமுறை நெஞ்சில் போட்டுப் பார்த்தால் திருப்பித் தரமாட்டார்.

காட்டுப்பள்ளியிலிருந்து ராயபுரம் வரை

அரசு மருத்துவமனை என்றால் பெரும்பாலும் தாயும் அங்கேயே தங்கலாம். "ஒரு நாள் வீட்டுக்குப் போய்ட்டு வரேன்" என்று கிளம்பாதே. கிளம்பினால் பால் குறையும், கங்காரு குறையும். தனியார் மருத்துவமனை உன்னை மட்டும் டிஸ்சார்ஜ் செய்து பிள்ளையை வைத்துக்கொண்டால்தான் பாடு. பீய்ச்சிய பாலை மூடியுள்ள சுத்தமான டப்பாவில் ஊற்றி, தேதியும் நேரமும் எழுதி, பிரிட்ஜின் உள்பக்கம் வை, கதவில் வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர். நம் ஊர் வெயிலில் வெளியே வைத்த பாலை நம்பாதே. எடுத்துப் போக ஐஸ் பேக் போட்ட பெட்டி போதும். வீட்டிலேயே மீன் ஐஸ் பெட்டி இருக்கிறதே என்று அதைத் தூக்காதே, புதிதாக ஒன்று வாங்கு. துறைமுகச் சாலையில் டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நின்றால் ஆட்டோவில் உட்கார்ந்து வேர்க்க வேண்டியதுதான். மீஞ்சூரில் ரயில் ஏறினால் நேரம் கையில் இருக்கும். சென்னை பீச் போகும் வண்டி, மருத்துவமனை இருக்கும் ராயபுரத்திலேயே நிற்கும். பாலை அடுப்பில் சூடாக்குவதில்லை, வெந்நீர்க் கிண்ணத்தில் டப்பாவை வைத்தால் போதும்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. 2011-ல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனையில் நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு மருந்து, பரிசோதனை, வண்டி எல்லாம் இலவசம். வெளியே சீட்டு எழுதி வாங்கிவரச் சொன்னால் ஏன் என்று பணிவாகக் கேள். அவசரத்துக்கு 108, சந்தேகத்துக்கு 104.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் தங்கச்சிகளுக்கு: மகப்பேறுக்குச் சட்டம் 26 வார சம்பள விடுப்புத் தருகிறது. பிள்ளை முன்கூட்டியே பிறந்ததால் உனக்கு உடம்பு சரியில்லை என்றால் மருத்துவச் சான்றோடு மேலும் ஒரு மாதம் உண்டு. இ.எஸ்.ஐ-யிலும் அப்படியே. கான்ட்ராக்ட் வேலை என்றாலும் இ.எஸ்.ஐ பிடித்தம் இருந்தால் கேள். சூப்பர்வைசர் சொல்லமாட்டார், நீதான் கேட்க வேண்டும்.

உன் தட்டில் என்ன இருக்கிறது?

பத்தியம் என்று ரசம் சாதமும் ரொட்டியும் மட்டும் கொடுத்தால் சண்டை போடு. முட்டை, பருப்பு, கீரை, வேர்க்கடலை, மீன். நம் கரையோரத்தில் பால்சுறா புட்டு பிள்ளை பெற்றவளுக்கென்றே செய்வார்களே, பால் ஊறுமோ ஊறாதோ, நல்ல புரதம், தாராளமாகச் சாப்பிடு. பூண்டும் அப்படித்தான். தண்ணீரைக் குறைக்காதே. இரும்பு, கால்சியம் மாத்திரையை விடாதே. குழந்தை தேறவில்லை என்று கிராம சுகாதார செவிலியர் சொன்னால் அங்கன்வாடியில் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தைப் பற்றிக் கேள். ஆறு மாதத்துக்குட்பட்ட மெலிந்த குழந்தைகளின் தாய்மாருக்கு அதில் ஊட்டச்சத்துப் பெட்டகம் உண்டு.

இரண்டு வாரத்துக்கு மேலும் காரணமில்லாமல் அழுகை வருகிறது, பிள்ளையைத் தொடவே பிடிக்கவில்லை என்றால் அது திமிர் இல்லை, நோய். டாக்டரிடம் சொல். என்னிடமும் சொல்.

வீட்டுக்கு வந்த பிறகு

இரண்டு மணி, அதிகபட்சம் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால், தூங்கினாலும் எழுப்பி. சாம்பிராணிப் புகை, கொசுவர்த்தி வேண்டாம், வலை போதும். மின்நிலையமும் லாரியும் கிளப்பும் தூசி நம் பக்கத்தில் குறைவில்லை. சாலைப் பக்க ஜன்னலை மூடி வை, ஈரத்துணியால் துடை. டாக்டர் சொல்லும்வரை தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டாதே. தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவலாமா என்று கேட்டுக்கொண்டு தடவு. மூக்கிலும் காதிலும் விடுவது, மூக்கைப் பிடித்து நீட்டுவது கூடவே கூடாது. பால் குடிக்கவில்லை, உள்ளங்கால் சில்லென்று இருக்கிறது, மூச்சு வாங்குகிறது அல்லது நடுவே நிற்கிறது, வயிறு உப்பியிருக்கிறது, பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம்: இதில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காதே.

இரும்புச் சொட்டு மருந்தும் வைட்டமின் டி சொட்டும் எழுதிக் கொடுப்பார்கள். மூளைக்கு இரும்பு கட்டாயம். கம்பெனிக்குக் கம்பெனி அடர்த்தி வேறு. கடையில் வேறு பெயரில் கொடுத்தால் எத்தனை மில்லி என்று மறுபடி கேட்டுக்கொள். தடுப்பூசிகள் பிறந்த தேதிக் கணக்கில்தான், தள்ளிப் போடாதே.

கண் பரிசோதனையை மறந்தவர்களை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வரும். 34 வாரத்துக்கு முன்னோ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தையின் விழித்திரையை 30 நாளுக்குள் பார்த்தாக வேண்டும். மிகச் சின்னது என்றால் இரண்டு, மூன்று வாரத்திலேயே. வெளியே பார்த்தால் கண் பளிச்சென்று இருக்கும், உள்ளே ரத்தக்குழாய் தாறுமாறாக வளர்ந்துகொண்டிருக்கும். நேரத்தில் லேசர் செய்தால் பார்வையைக் காப்பாற்றிவிடலாம். தவறினால் போனது போனதுதான். காது பரிசோதனையும் உண்டு.

பிறகு "நாலு மாசமாச்சு, இன்னும் தலை நிக்கலியே" என்று பேச்சு வரும். நீ திருத்திய வயதைச் சொல். 30 வாரத்தில் பிறந்தது பத்து வாரம் முன்னால். ஆறு மாதக் குழந்தையை மூன்றரை மாதக் குழந்தையாகப் பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை இதே கணக்கு. கொழுகொழு என்று ஆக்க அவசரப்படவும் வேண்டாம். டெல்லியில் மூன்று மருத்துவமனைகளில் 34 வாரத்துக்கு முன் பிறந்த 403 குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள், 2017-ல் முடிவு வந்தது: திருத்திய வயது நான்கு மாதத்தில் திட உணவு தொடங்கியவர்கள் ஆறு மாதத்தில் தொடங்கியவர்களைவிட அதிகம் வளரவில்லை, ஆஸ்பத்திரியில் சேர்ந்ததுதான் அதிகம். ஆகவே திருத்திய ஆறு மாதத்தில், கெட்டியான பருப்பு சாதம் நெய்யோடு, முட்டை மஞ்சள்கரு, முள் நீக்கிய மீன். கஞ்சித் தண்ணீரில் வயிறு நிரம்பும், வேறொன்றும் நடக்காது.

டிஸ்சார்ஜ் சீட்டின் பின்பக்கம் நான்கு வரி எழுதி வை: கண் டாக்டர் தேதி, காது தேதி, அடுத்து எடையும் தலைச் சுற்றளவும் பார்க்கும் தேதி, திருத்திய வயது கணக்கிட நிறைமாதத் தேதி. நான்காவது வரியை மாமியார் கண்ணில் படும்படி கொஞ்சம் பெரிதாகவே எழுது.